முன்தேதியிட்ட நில எடுப்புச் சட்டமும் விலை நாளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பது பற்றிய செய்திகளில் '2013ஆம் ஆண்டுச் சட்டப்படி' என்ற தொடர் அடிக்கடி வருகிறது. அது பாதிதான் சரி. அங்கே நிலம் எடுக்கப்படுவது, தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின் கீழ். மத்திய அரசின் 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது இழப்பீடும் மறுவாழ்வும் பற்றிய கணக்கு மட்டுமே. அந்தச் சட்டத்தில் உள்ள சமூகத் தாக்க மதிப்பீடு (எடுப்பால் மக்களுக்கு என்ன நேரும் என்ற முன் ஆய்வு) இங்கே கிடையாது. தனியார் திட்டத்துக்கு 80 சதவீதம் பேர், அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 சதவீதம் பேர் ஒப்ப வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது.

இது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மத்தியச் சட்டம் 2014 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழக அரசு அதில் 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டது: 1978ஆம் ஆண்டின் ஆதிதிராவிடர் நலத் திட்ட நில எடுப்புச் சட்டம், மேற்சொன்ன 1997ஆம் ஆண்டுச் சட்டம், 2001ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டம். சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலை 3 அன்று இதை ஏற்க மறுத்தது. மத்தியச் சட்டத்தோடு முரண்படுவதால் அது உருவான 2013 செப்டம்பர் 27 அன்றே மூன்றும் செல்லாமல் போய்விட்டன, செத்த சட்டத்துக்கு விலக்குக் கொடுத்துப் பிழைக்க வைக்க முடியாது, மறுபடி இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற வேண்டும் என்றது. அந்த நாளுக்குப் பிறகான எடுப்புகளை ரத்து செய்தது. ஏற்கெனவே திட்டத்துக்குப் பயன்படுத்தப்பட்டுவிட்ட நிலங்களை மட்டும் விட்டுவைத்தது.

அதே ஆண்டு சட்டமன்றம் மூன்றையும் உயிர்ப்பித்துச் செல்லுபடியாக்கும் சட்டத்தை இயற்றியது. டிசம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. அது நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்படும் நாள் 2013 செப்டம்பர் 26. உயர் நீதிமன்றம் குறித்த நாளுக்கு முந்தைய நாள். உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 29 அன்று அதைச் செல்லும் என்றது.

சட்டப்படி இதில் பெரிய குறை காண முடியாது. அரசியலமைப்பின் 20(1) தடுப்பது குற்றவியல் சட்டங்கள் பின்னோக்கிப் பாய்வதை மட்டும்தான். தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது என்று சட்டமன்றம் சொல்ல முடியாது. ஆனால் தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த குறையை முன்தேதியிட்டு நீக்கலாம். 1969இல் பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்கிலிருந்து நீதிமன்றங்கள் சொல்லிவருவது இதுதான். இங்கே குறை ஒப்புதலில் இருந்தது, ஒப்புதல் வாங்கிவிட்டார்கள்.

என் ஆட்சேபம் விலை நாளை, அதாவது எந்த நாளின் சந்தை மதிப்பைக் கணக்கில் எடுப்பது என்பதைப் பற்றியது. எடுப்பு ரத்தாகிப் புதிதாகத் தொடங்கினால், புதிய அறிவிக்கை நாளின் சந்தை மதிப்பைக் கொடுக்க வேண்டும். பழைய அறிவிக்கை முன்தேதியிட்டுப் பிழைத்தால் பழைய மதிப்பும் சேர்ந்து பிழைக்கிறது. ஒரு கணக்கு பார்க்கலாம். 2015 அறிவிக்கையின்போது ஏக்கர் 20 லட்சம், 2019இல் 30 லட்சம் என்று கொள்வோம். கிராமப்புறப் பெருக்குக் காரணி (சந்தை மதிப்பைப் பெருக்கும் எண்; சட்டம் 1 முதல் 2 வரை அனுமதிக்கிறது) 1.25 என்றால் முதலாவது 25 லட்சம், இரண்டாவது 37.5 லட்சம். நூறு சதவீத ஆறுதல் தொகை (கட்டாயமாக எடுப்பதற்காகத் தரும் கூடுதல் தொகை) சேர்ந்தால் 50 லட்சமும் 75 லட்சமும். ஏக்கருக்குப் பத்து லட்சமாக இருந்த வித்தியாசம் இருபத்தைந்து லட்சமாகிறது. சந்தை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் கூடுதல் தொகை உண்டே என்பார்கள். மத்தியச் சட்டத்தில் அது சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை நாளிலிருந்து ஓடுகிறது. அந்த மதிப்பீடே இல்லாத எடுப்பில் எந்த நாளிலிருந்து என்பது வழக்காடும் விஷயமாகிவிடுகிறது.

இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1966இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால் பழைய நில எடுப்புகள் பல ஆட்டம் கண்டபோது, நாடாளுமன்றம் 1967இல் திருத்தமும் செல்லுபடியாக்கமும் செய்யும் சட்டம் கொண்டுவந்தது. அதிலேயே, அறிவிக்கை வந்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின் பணம் கொடுக்கும் நாள் வரை சந்தை மதிப்புக்கு 6 சதவீதத் தனி வட்டி தர வேண்டும் என்று எழுதினார்கள். போதாத வட்டிதான். ஆனாலும் தாமதம் யாருடையது என்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. இனி எந்தச் செல்லுபடியாக்கச் சட்டம் வந்தாலும் அப்படியொரு பிரிவு வேண்டும். நீதிமன்ற ஆணை கையில் இருப்பவர்களுக்கு, செல்லுபடியாக்கும் சட்டம் வெளியான நாளையே விலை நாளாக வைக்க வேண்டும். நிதிச்சுமை என்று தட்டிக்கழிக்க வேண்டாம். வோடபோன் நிறுவனத்துக்குச் சாதகமாக வந்த வரித் தீர்ப்பைத் தாண்டி 2012இல் போட்ட முன்தேதி வரியைக் கைவிட மத்திய அரசு மசோதா கொண்டுவந்தது 2021 ஆகஸ்ட் 5 அன்று, மேற்சொன்ன நிலத் தீர்ப்பு வந்து ஐந்து வாரம் கழிந்த நிலையில். வசூலித்ததைத் திருப்பிக் கொடுக்கவும் அதில் வழி செய்தார்கள். பன்னாட்டு நிறுவனத்துக்கு முடிந்தது ஏக்கர் நிலக்காரருக்கும் முடியும்.

நோட்டீஸ் வந்தவர்கள் முதலில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பார்க்க வேண்டும். 1997 சட்டத்தில் 3(2), நெடுஞ்சாலைகள் சட்டத்தில் 15(2) என்றால் அது காரணம் கேட்கும் நோட்டீஸ்; ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கும் கட்டம் அதுதான். அடுத்து 3(1) அல்லது 15(1) அறிவிக்கை அரசிதழில் வந்துவிட்டால் நிலம் அரசைச் சேர்ந்துவிடும். பட்டா இறந்துபோன தகப்பனார் பேரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால் உடனே மாற்றவும் உட்பிரிவு செய்யவும் மனுப் போடுங்கள். இல்லையென்றால் உரிமைத் தகராறு என்று பணம் நீதிமன்றத்தில் போய் உட்காரும். கிணறு, ஆழ்துளைக் கிணறு, மரங்கள் அளவைப் பதிவில் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்து.

விலைக்கு, அக்கம்பக்கத்துப் புல எண்களுக்கு முந்தைய மூன்று ஆண்டு வில்லங்கச் சான்று எடுங்கள். அந்தக் கிரயங்களில் விலை கூடிய பாதியின் சராசரி, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதுதான் அடிப்படை. முத்திரைக் கட்டணத்துக்குப் பயந்து விலையைக் குறைத்து எழுதிய பத்திரங்கள் இங்கேதான் ஊரையே கடிக்கின்றன. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்ததும் அப்படியே. பேச்சுவார்த்தை விலைக்கு ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்திட்டால் பிறகு கூடுதல் கேட்டுப் போவது அநேகமாக முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதியே தொகையை வாங்குங்கள்.

2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம், சொத்துரிமை பற்றிய அரசியலமைப்பின் 300-ஏ பிரிவுக்குள் நோட்டீஸ், விசாரணை, காரணத்துடன் கூடிய முடிவு, பொதுநோக்கம், நியாயமான இழப்பீடு, காலதாமதமில்லாத நடைமுறை, எடுப்பை முழுமையாக முடித்தல் என ஏழு உரிமைகள் அடங்கியிருப்பதாகச் சொன்னது. முன்தேதிச் சட்டத்தின் கீழ் வந்த கோப்புகளிலும் இவற்றில் எது விடுபட்டது என்று தேடிப் பார்க்கலாம்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள்: நில எடுப்புச் செய்தி வெளியிடும்போது சட்டத்தின் பெயர், பிரிவு, அறிவிக்கை நாள் மூன்றையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நில எடுப்பு வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்,
காஞ்சிபுரம்