ஜான் லிஸ்டரைக் கோழை என்று எழுதாதே

மீனாக் கண்ணு,

உன் புத்தகத்திலிருந்து நீ அனுப்பிய எட்டு அத்தியாயத்தையும் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி போனிலேயே படித்துவிட்டேன். 1834 ஈஸ்டர் அன்று இங்கிலாந்தின் யார்க் நகரத்துத் தேவாலயத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆன் லிஸ்டரும் அவள் காதலி ஆன் வாக்கரும் பக்கத்துப் பக்கத்தில் நற்கருணை வாங்கி, சுற்றியிருந்தவர்கள் ஒன்றும் அறியாமலே அதைத் தங்கள் கல்யாணமாக எடுத்துக்கொள்கிற இடத்தில் மேலே படிக்க முடியாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது.

ஆனால் அந்தக் குடும்பத்தில் பின்னால் வந்த ஜான் லிஸ்டரைக் கோழையாக்கி இருக்கிறாயே, அதை மாற்று. ஆன் லிஸ்டரின் சுமார் 50 லட்சம் சொற்கள் கொண்ட நாட்குறிப்பில் ஆறில் ஒரு பங்கு ரகசிய எழுத்து. 1890-களில் ஜானும் நண்பர் பரெலும் "கடவுளே என்" என்று இருந்த ஒரு துண்டுத் தாளில் அடுத்த சொல் 'ஹோப்' (hope, நம்பிக்கை) ஆகத்தான் இருக்கும் என்று ஊகித்து, அந்த நாலு எழுத்தைப் பிடித்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்குள் மிச்சத்தையும் அவிழ்த்தார்கள். பார்த்தால் தன் குடும்பத்துப் பெண் பெண்களைக் காதலித்த கதை. கொளுத்திவிடு என்றார் பரெல். ஜான் கொளுத்தவில்லை. குடும்ப வீடான ஷிப்டன் மாளிகையில் பலகைச் சுவருக்குப் பின்னால் வைத்து மூடினார், 1933-இல் சாகும்வரை வெளியே விடவில்லை. பயம்தான், நீ சொல்வது சரி. ஆனாலும் அந்த மனுஷர் தீக்குச்சி உரசவில்லையே.

நான் உரசியிருக்கிறேன். பாளையங்கோட்டையில் என் அத்தையும் டீச்சரம்மாவும் ஒரே வீட்டில் முப்பது வருஷம் இருந்தது உனக்குத் தெரியும், துணைக்கு இருந்தார்கள் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தேன். 1991-இல் அத்தை போனபின் டிரங்குப் பெட்டியைத் திறந்தது நான்தான். டீச்சரம்மா கல்யாணத்துக்கு மறுத்துவிட்டு வந்த வருஷத்துக் கடிதங்கள், ரோஸ் ரிப்பன் கட்டி இருந்தன. நாலைந்து படித்தேன். பெரியப்பா கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்ற பதற்றத்தில், டீச்சரம்மா முன் அறையில் உட்கார்ந்திருக்கும்போதே, பின்கட்டில் வெந்நீர் அடுப்பில் போட்டேன். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் அவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மூடி வைத்தார்கள். அப்புறம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்டதே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

படித்த வரி ஒன்று மறக்கவில்லை. "ஊதாச் சேலையை நீயே கட்டு, உன் தோளில் இருந்தால்தான் நான் நாள் முழுக்கப் பார்க்கலாம்." அத்தை கையெழுத்து, 'ள'வுக்குப் பெரிய சுழி போடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. மற்றக் கடிதங்களில் ஞாபகம் இருப்பதையும் சொல்கிறேன், எழுதிக்கொள். அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன்.

அம்மா