பள்ளி விளையாட்டுப் படங்களைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஆண்டு மலர்க் குழுவினருக்கும்,

வணக்கம். போட்டி முடிந்த கையோடு, எடுத்த படங்கள் அத்தனையையும் வாட்ஸ்அப் குழுவில் கொட்டிவிடும் வழக்கத்தை நிறுத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல். நூற்றுக்கணக்கான படங்களில் ஒரு பிள்ளையின் முகம் கோணலாக விழுந்த ஒரே படம் போதும். மறுநாளே அது வகுப்பில் ஸ்டிக்கராகச் சுற்றும். கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகுதான் ஆல்பம் வெளியே போக வேண்டும்.

ஓட்டப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவில், நொடிக்கு நான்கு காலடி வைத்து ஓடும் பிள்ளைக்கு ஒரு காலடிக்கு இரண்டு மூன்று படங்கள்தான் கிடைக்கும். பாதம் தரையில் அறையும் கணத்தை முதலில் நீக்குங்கள். அந்த அதிர்வு கணுக்காலில் தொடங்கிக் கன்னம் வரை ஏறும்; தசை குலுங்கும், உதடு தொங்கும். இரண்டு கால்களும் ஒன்றையொன்று கடக்கும் கணமும் வேண்டாம். அதில் எவ்வளவு வேகமாக ஓடுபவரும் ஒற்றைக் காலில் நிற்பதுபோல் தெரிவார். பின்கால் தரையை உந்தி முழுதாக நீண்டிருக்க, முன்முழங்கால் உயர்ந்திருக்கும் படத்தையோ, இரு பாதமும் அந்தரத்தில் இருக்கும் படத்தையோ தேர்ந்தெடுங்கள்.

தாண்டும் விளையாட்டுகளில் உச்சிக் கணம் அமைந்தால் நல்லது. மேலே போகும் வேகம் அங்கே அடங்கிவிடுவதால் முகமும் தளர்ந்திருக்கும், படமும் அவ்வளவாகக் கலங்காது. இறங்கும்போது சட்டை மேலேறி வயிறு தெரியும். அதற்குள் விரலை நிறுத்துங்கள். நீளம் தாண்டுதலை மணற்குழிக்கு நேர் எதிரே தாழ உட்கார்ந்து எடுப்பது பலருக்குப் பழக்கம். கால்களை முன்னே நீட்டிப் பிள்ளை இறங்கும் கணம் அந்தக் கோணத்தில் எடுபடாது. தொடை இடுக்குதான் படத்தின் நடுவில் வந்து நிற்கும். தடை ஓட்டத்திலும் இதே சிக்கல். பக்கவாட்டிலோ, 45 பாகை சாய்ந்தோ நின்று எடுத்த படங்களை மட்டும் பரிசீலியுங்கள்.

குண்டு எறிதலில் கையை விட்டுக் குண்டு பிரியும் நொடியில் கன்னம் உப்பும், கண் இறுகும். அதற்கு அடுத்த படத்தைப் பாருங்கள்: கை முழுதாக நீண்டிருக்கும், பார்வை குண்டின் பின்னால் போகும். மூலையில் குண்டும் இருந்தால் விடவே விடாதீர்கள். கால்பந்தில் தலையால் முட்டும்போது நடப்பது நேர்மாறு. பந்து படும் கணத்தில் பெரும்பாலும் கண் மூடிவிடும் என்பதால் அதற்கு முந்தைய படம்தான் உயிரோடு இருக்கும். பந்தே இல்லாத படத்தில் பிள்ளை எதற்காகத் துள்ளுகிறார் என்பதே புரியாது.

பல்லைக் கடிப்பதும், நெற்றி சுருங்குவதும், வியர்வை வழிவதும் குறையல்ல. இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனெனில் சிரித்த முகம் மட்டுமே வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. முயற்சி தெரியும் முகம் அழகானது. கருவிழி செருகிய முகம், சளி வழியும் மூக்கு, தோற்று அழும் முகம் ஆகியவற்றை மட்டும் தள்ளுங்கள்.

ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை பாருங்கள். முதலில் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள்: கைகால்கள் உடலோடு ஒட்டாமல் தனித்துத் தெரிந்தால் உருவம் தேறிவிட்டது. பிறகு முழு அளவில் பெரிதாக்கிக் கண், வாய், சட்டைக் கழுத்து, கால்சட்டை விளிம்பு என்று வரிசையாகப் பாருங்கள். ஈரமான வெள்ளைச் சட்டையும் விலகிய உள்ளாடையும் சிறு திரையில் கண்ணுக்குத் தப்பிவிடும். கபடியில் சட்டையைப் பிடித்து இழுக்கும் படங்களில் இந்தச் சோதனையை ஒருபோதும் விடாதீர்கள். உருவம் எவ்வளவு சிறப்பாக அமைந்திருந்தாலும் உடை விலகியிருந்தால் அந்தப் படம் வேண்டாம்.

படத்தின் ஓரங்களை வெட்டும்போது முழங்கால், மணிக்கட்டு, கணுக்கால் மூட்டுகளில் வெட்டாதீர்கள். உறுப்பே இல்லாததுபோல் தோன்றும். தொடை நடுவிலோ இடுப்புக்கு மேலோ வெட்டலாம். ஓடும் திசையில் கொஞ்சம் இடம் விடுங்கள். தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்திருந்தால் அடுத்த படத்துக்குப் போய்விடுங்கள். உச்சி வெயிலில் தொப்பி நிழல் கண்ணை மறைத்திருந்தால் நிழலை மட்டும் சற்று வெளிச்சமாக்கலாம். நிறத்தை வெளுக்கவும் இடுப்பை மெலிக்கவும் கூடாது. அந்த உடல்தான் ஓடியது, அதே உடலோடுதான் படம் வெளிவர வேண்டும்.

ஷட்டர் (கேமராவுக்குள் ஒளியை விடும் திரை) 1/1000 நொடியைவிட அதிக நேரம் திறந்திருந்தால் கைகால்கள் பெரும்பாலும் கலங்கிவிடும் என்பதை எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வென்றவர்களின் படங்கள் தாமாகவே குவியும். மாற்று ஆட்டக்காரர், கோல் காப்பாளர், கடைசியாக ஓடி முடித்தவர் ஆகியோரின் படங்களைத் தேடித்தான் எடுக்க வேண்டும். பெயர்ப் பட்டியலை அருகில் வைத்து, ஒருவருக்கு ஒரு நல்ல படமாவது வந்ததா என்று குறித்துக்கொண்டே போங்கள்.

வெளியிடுவதற்கு முன் அந்தந்தப் பிள்ளையிடம் காட்டுங்கள். பெற்றோர் அனுமதி இருந்தாலும் இது தேவை. “வேண்டாம்” என்றால் காரணம் கேட்காமல் நீக்கிவிட்டு, அடுத்த படத்தைக் காட்டுங்கள். நீக்கியவை பகிர்வுக் கோப்புறையிலும், கேமரா அட்டையிலும், எடுத்தவரின் கைபேசியிலும் இல்லாதபடி அதே வாரத்தில் அழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி மைதானங்களில் படம் எடுப்போரும் தேர்ந்தெடுப்போரும்