பாடம் பகலில் வந்தது, போன் இரவில்தான் வீட்டுக்கு வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனாக் காலத்தில் பள்ளி ஆசிரியர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே சம்பளம் வாங்கினார்கள், அதனால்தான் இப்போது நடுநிலை வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகள் ஒரு பத்தியைக்கூடத் தடங்கல் இல்லாமல் வாசிக்கத் திணறுகிறார்கள் என்று உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். பிள்ளைகள் திணறுவது உண்மை. அதை மறுப்பதற்காக நான் எழுதவில்லை. எங்கள் பகுதியில் அதற்குக் காரணம் வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டால் நாளை இன்னொரு நோய் வரும்போதும் இதே பிள்ளைகளின் தம்பி தங்கைகள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் ஒரு தமிழ்வழித் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் வீட்டில் தமிழ், கடையில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம். என் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் தென்னந்தோப்பு வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்கள். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லுக்குப் போகிறவர்களும் நிறைய. காலை ஏழு மணிக்கு மேல் வீட்டில் பெரியவர்கள் என்றால் பாட்டி மட்டும்தான் இருப்பார்.

2020 மார்ச் 10 அன்று கேரளத்தில் ஏழாம் வகுப்பு வரை வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஜூன் 1 அன்று கேரள அரசின் கல்வி டிவியான கைட் விக்டர்ஸ் சேனலில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் பாடங்கள் தொடங்கிவிட்டன. இந்தியாவில் பல இடங்களில் என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், பள்ளி திறக்க வேண்டிய அதே நாளில் பாடம் தொடங்கியது சின்ன விஷயம் இல்லை. டிவி இல்லாத பிள்ளைகளுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் டிவி வைத்தார்கள். கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. அதற்குப் பணம் கொடுத்து உதவியது. மலையாள வழியில் படித்த குழந்தைக்குப் போன் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டு டிவியாவது இருந்தது.

எங்கள் பிள்ளைகளின் நிலை இங்கேதான் பிரிகிறது. தமிழ்வழிப் பாடங்களை யூடியூபிலும் உள்ளூர் கேபிளிலும்தான் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் பல வீடுகளில் கூரைமேல் குடை வைத்த டிஷ்தான், உள்ளூர் கேபிள் வராது. ஆக, டிவியில் பார்க்க வேண்டிய பாடம் எங்களுக்கு மட்டும் போனில் பார்க்க வேண்டிய பாடமாக ஆகிவிட்டது. அந்தப் பாடங்களைத் தயாரித்ததும் எங்களைப் போன்ற தமிழ் ஆசிரியர்கள்தான். கையில் கிடைத்த வசதியை வைத்துக்கொண்டு, தாங்களே சார்ட் எழுதி, கேமரா முன் நின்று பழக்கமில்லாத கூச்சத்தோடு எடுத்தார்கள். அவர்கள் உழைப்பைப் பார்த்தவள் நான். ஆனால் அந்த உழைப்பு போய்ச் சேர வேண்டிய போன், அப்பாவின் சட்டைப் பையில் சூளையில் இருந்தது.

ஒரு தாய் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இல்லீங்க டீச்சர், அவரு வர்றப்பவே மணி ஒன்பது ஆயிருதுங்க. அதுக்குள்ள பசங்க தூங்கிருதுங்க. எழுப்பி உக்கார வெச்சா அழுகுதுங்க.” அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் பத்தாம் வகுப்பு. பொதுத் தேர்வு இருப்பதால் போன் கையில் கிடைத்தால் முதலில் அவளுக்குத்தான். அடுத்து ஏழாம் வகுப்புப் பையன். ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் முறை வரும்போது அன்றைய நெட் தீர்ந்திருக்கும். 28 நாளுக்கு ஒரு முறை ஏறத்தாழ 200 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்ய வேண்டியிருந்தது. வேலை இல்லாத ஊரடங்கு மாதங்களில் அந்தப் பணம் அரிசிக்கா, நெட்டுக்கா? இந்தக் கேள்வியைப் பெற்றோரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“பெற்றோர் சொல்லிக் கொடுக்கலாமே” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் ஊர் அம்மாக்களில் பலர் மலையாள வழியில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், தமிழில் பாடுவார்கள், ஆனால் தமிழ் எழுத்தை வாசிக்க வராது. அவர்களிடம் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? பத்தாவது வரை படித்த ஒரு பெண், தன் மகனுக்கு உயிர்மெய் எழுத்துகளைச் சொல்லித்தர முடியாமல் வெட்கப்பட்டுப் போனில் அழுதார். அவர் வெட்கப்பட என்ன இருக்கிறது? எழுத்து சொல்லித் தருவது ஒரு தொழில். அதற்காகத்தான் நாங்கள் பயிற்சி பெற்றிருக்கிறோம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி இருந்ததே, அதைப் பார்க்கலாமே என்று கோவையில் இருக்கும் உறவினர்கள் கேட்டார்கள். மொழி ஒன்றுதான், பாடத்திட்டம் வேறு. எங்கள் பிள்ளைகளின் தமிழ்ப் புத்தகம் கேரளப் பாடத்திட்டப்படி வந்தது. அங்கே நடத்தும் பாடம் இங்கே புத்தகத்தில் இருக்காது. எழுத்துப் பழக வேண்டுமானால் உதவியிருக்கும். மூன்றாம், நான்காம் வகுப்புக்கு உதவவில்லை.

அப்புறம், நாங்கள் என்ன செய்தோம் என்ற கேள்விக்கு வருகிறேன். பகலில் வாட்ஸ்அப் குரூப்பில் பாடத்தின் இணைப்பை அனுப்புவோம். அதற்குப் பதில் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வரத் தொடங்கும். நோட்டுப் பக்கங்களின் படம், குழந்தை வாசித்த குரல் பதிவு, நடுவில் “டீச்சர், ரேஷன் கடை நாளைக்கு உண்டா?” என்ற கேள்வி. எல்லாவற்றையும் பார்த்து, ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குரலில் திருத்தி அனுப்பிவிட்டுப் படுக்கும்போது நள்ளிரவு ஆகிவிடும். பகலில் சில ஆசிரியர்களுக்கு நோய்த்தடுப்புப் பணியும் இருந்தது. என்னோடு வேலை செய்யும் ஒருவர் சோதனைச் சாவடியில் வெயிலில் நின்று, பாஸ் இருக்கிறதா என்று பார்த்துப் பெயர் பதிந்தார். இன்னொருவர் வீடு எல்லையில் உள்ள கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். அனுமதி இல்லாமல் பள்ளிக்கு வரவே முடியவில்லை. என் மகளுக்கும் அதே நேரத்தில் வகுப்பு. இருந்த ஒரே போனில் நான் வேலை பார்த்தால் அவள் பாடம் போய்விடும். தவணையில் இன்னொரு போன் வாங்கினோம். தவணை கட்ட எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது, அந்த வாசகர் சொன்னதில் அது சரி. எங்கள் தெருவில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியைக்கு அதுவும் நின்றுபோய், அவர் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனார். அவரையும் சேர்த்துத்தான் “ஆசிரியர்கள்” என்று எல்லோரும் பேசுகிறார்கள்.

இவ்வளவு செய்தும் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து ஏறவில்லை. ஏன் என்று சொல்கிறேன், இதை வகுப்பறையில் நின்றவர்களால்தான் சொல்ல முடியும். நோட்டுப் பக்கத்தின் படத்தில் எழுதி முடித்த எழுத்துதான் தெரியும். கை எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் சுழன்றது, எங்கே பென்சிலை எடுத்தது, எதுவும் தெரியாது. படத்தில் ‘ழ’ அழகாக இருக்கும். நேரில் பார்த்தால் அந்தக் குழந்தை அதைக் கீழிருந்து மேலே வரைந்திருக்கும். ‘கெ’ எழுதச் சொன்னால் முதலில் ‘க’ போட்டுவிட்டு, பிறகு முன்னால் இடம் தேடிக் கொம்பைச் சொருகும். ஒவ்வொரு எழுத்தையும் ஓவியம்போல வரையும் குழந்தைக்குச் சொல்வதெழுதுதல் எப்படி வரும்? வகுப்பில் இருந்தால் பின்னால் நின்று, அந்தக் கையைப் பிடித்து இரண்டு முறை சுழற்றினால் தீர்ந்துவிடும். போனில் அதற்கு வழியே இல்லை. பல வீடுகளில் வீட்டுப்பாடத்தை அக்கா எழுதிக் கொடுத்ததும் எங்களுக்குத் தெரியும். திட்ட மனம் வரவில்லை. அந்த அக்காவும் குழந்தைதான்.

2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, பள்ளி திறந்த 2021 நவம்பர் 1 அன்று முதல்முறையாக வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்தது இரண்டாம் வகுப்பு மாணவராக. அதுவும் பாதிப் பிள்ளைகள் ஒரு நாள், மீதிப் பாதி இன்னொரு நாள் என்று பிரித்து. 2022 ஜனவரியில் ஒன்பதாம் வகுப்பு வரை மறுபடியும் ஆன்லைன் ஆனது, பிப்ரவரி 14 அன்றுதான் திரும்பத் திறந்தோம். யாரையும் நிறுத்தி வைக்காமல் அடுத்த வகுப்புக்கு அனுப்பினோம், அது சரியான முடிவுதான். ஆனால் விட்டுப்போன அடிப்படையைச் சொல்லித்தர அடுத்த வகுப்பு நேரத்தில் இடம் இல்லை. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது வாசிக்கத் திணறுகிறவர்கள்.

ஒன்று மட்டும் நன்றாக வேலை செய்தது. மதிய உணவுக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு அரிசியும் பலசரக்குக் கிட்டும் கொடுத்தார்கள். அதை வாங்கப் பெற்றோர் பள்ளிக்கு வர வேண்டும். அந்த நாட்களில் நாங்கள் பயிற்சித் தாள்களை நகல் எடுத்து வைத்திருந்து கிட்டோடு கொடுத்தோம். ஒவ்வொரு எழுத்துக்கும் தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி, போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி. மலையாளம் மட்டும் வாசிக்கத் தெரிந்த அம்மாவுக்கு, பக்கத்திலேயே அதன் உச்சரிப்பை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். முகக்கவசத்தோடு வரிசையில் நின்ற அம்மாவிடம் இரண்டு நிமிடம் கையால் எழுதிக் காட்டவும் முடிந்தது. அப்படித் தாள் வாங்கிப் போன வீட்டுப் பிள்ளைகள் பள்ளி திறந்தபோது ஓரளவு எழுதினார்கள். நெட்டும் வேண்டாம், பகலில் வீட்டில் இருக்கவும் வேண்டாம். அடுப்பு வேலை முடிந்தபின் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

பள்ளிகள் திறக்கும் சமயத்தில், 2021 அக்டோபர் 27 அன்று, தமிழ்நாட்டில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாலை 5 முதல் 7 மணிக்குள், உள்ளூரில் படித்த ஒருவர் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லித்தந்தார். தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். எல்லையில் உள்ள வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கிடைத்தது. அதே குடும்பத்தின் இந்தப் பக்கத்துக் கிளையில் பிறந்த பிள்ளைக்கு, தமிழில் அப்படி ஒரு மாலை வகுப்பு இல்லை. அந்தத் திட்டத்தில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வேலை முடிந்து பெற்றோர் வீடு திரும்பும் நேரத்தில், பிள்ளையின் மொழியில், ஒரு மனிதர் முன்னால் உட்கார வேண்டும் என்ற எண்ணம் சரியானது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

இது எட்டாத விஷயம் இல்லை. கேரளத்தில் அரசு தொடக்கப் பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் இருக்கின்றன, திட்ட நிதியும் அவர்களிடம் உண்டு. தமிழில் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் எங்கள் ஊர்களில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அங்கன்வாடிக் கட்டடம் மாலையில் சும்மாதான் கிடக்கிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது எங்களைப் போன்ற எல்லையோர மக்களை நினைத்தே அதைச் சேர்த்தார்கள். பள்ளிக் கட்டடம் மூடியிருக்கும் காலத்திலும் அந்தப் பிரிவு நடப்பில்தான் இருக்கிறது.

2023 செப்டம்பரில் நிபா வந்தபோது கோழிக்கோட்டில் மறுபடியும் பள்ளிகளை மூடி ஆன்லைனுக்குப் போனார்கள். அப்படி ஒரு நாள் எங்கள் தாலுகாவுக்கு வந்தால் தமிழ்வழிப் பாடமும் டிவியில், ஒரு குறித்த நேரத்தில், மாலையில் வர வேண்டும். பெற்றோர் அருகில் உட்கார முடிகிற நேரம் எதுவோ அதுதான் பாட நேரமாக இருக்க வேண்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை டிவி முன்னாலும் விடக்கூடாது, நாலைந்து பேராகச் சேர்த்து, முகக்கவசம் போட்டு, திண்ணையிலோ மரத்தடியிலோ உட்கார வைத்துக் கையைப் பிடித்து எழுத வைக்க அனுமதி வேண்டும். பயிற்சித் தாள்களை இப்போதே அச்சிட்டு ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு கட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நோய் வந்த பிறகு அச்சகமும் திறந்திருக்காது, நகல் கடையும் திறந்திருக்காது.

உங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. ஊரடங்கிலும் எங்கள் ஊருக்கு நாளிதழ் வந்தது. எழுத்துப் பழகும் தாளுக்குப் பாடத்திட்ட வேறுபாடு கிடையாது, எல்லையின் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். பள்ளிகள் மூடும் நிலை வந்தால், வாரம் ஒரு நாள் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். புள்ளியும் அம்புக்குறியும் போட்ட எழுத்து வரிசை, பெரிய எழுத்தில் ஒரு சின்னக் கதை. தாள்களைத் தயாரித்துத் தர நானும் என்னோடு வேலை செய்பவர்களும் தயார். எந்த எழுத்தில் தொடங்கி எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை முப்பது வாரங்களுக்கு ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்வழித் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.