பசை வைத்து ஒப்பேற்றக் கூடாத தொட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனக் குறிப்புகள் பகுதியில், காரின் என்ஜின் சூட்டைத் தணிக்கும் நீர்மமான கூலன்டின் தொட்டியில் கசிவு தெரிந்தால் விரிசலைப் பசையால் அடைத்துவிட்டு, குறையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி ஓட்டலாம் என்று ஒரு யோசனை வெளியாகியிருந்தது. நடுவழியில் நின்றவர் பழுது பார்க்கும் இடம் வரை போய்ச் சேரக் கையாளும் உபாயத்தை நிரந்தரத் தீர்வு போல எழுதினால், அதை நம்பும் வாசகருக்கு என்ஜின் செலவில்தான் போய் முடியும் என்பதால் இந்தக் கடிதம்.

இத்தொட்டிகளில் இரண்டு வகை உண்டு என்பதையே அக்குறிப்பு சொல்லவில்லை. ஒரு வகையில் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கும் அழுத்த மூடி ரேடியேட்டரின் மேல் இருக்கும். பக்கத்திலுள்ள தொட்டி, சூட்டில் பெருகி வரும் கூலன்டை வாங்கி வைத்திருந்து, என்ஜின் ஆறியதும் திருப்பிக் கொடுக்கும் பாத்திரம், அவ்வளவே. இன்றைய கார்கள் பலவற்றில் காணும் மற்றொரு வகையிலோ அழுத்த மூடி தொட்டியின் மேலேயே பொருத்தப்பட்டிருப்பதால், அந்த பிளாஸ்டிக் தொட்டி பெரும்பாலும் 1 பாருக்கும் (ஏறத்தாழக் காற்று மண்டல அழுத்தத்தின் அளவு) மேற்பட்ட அழுத்தத்தையும் 90 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டையும் ஒருசேரத் தாங்கியாக வேண்டும். எத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதித்துவிடும். 1 பார் கூடுதல் அழுத்தம் இருந்தால் 125 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. விரிசல் விழுந்த தொட்டியில் அழுத்தம் நிற்பதில்லை. எனவே சொட்டுச் சொட்டாகப் போகும் கூலன்டோடு இந்தப் பாதுகாப்பும் சேர்ந்தே போகிறது.

பசை ஏன் நிலைக்காது என்பதற்கும் காரணம் உண்டு. இத்தொட்டிகள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீனால் ஆனவை. அதில் சாதாரணப் பசைகள் சரியாக ஒட்டுவதில்லை. தவிர, பல ஆண்டுகள் சூடேறி ஆறிய பிளாஸ்டிக் மஞ்சளித்து நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். ஓரிடத்தில் அடைத்தால் அடுத்த விரலளவு தள்ளி வெடிக்கும். இரு பாதிகளை உருக்கி ஒட்டிய விளிம்பும், குழாய் மாட்டும் கழுத்தின் அடிப்பகுதியும்தான் முதலில் விட்டுக்கொடுக்கும் இடங்கள். என்ஜின் ஆறியிருக்கும்போது அங்கே ஈரம்கூடத் தெரியாது. காய்ந்த கூலன்ட் வெளிறிய உப்புப் பொருக்காக அந்த விளிம்பை ஒட்டிப் படிந்திருப்பதை விளக்கடித்துப் பார்த்தால்தான் காணலாம். ஐயம் இருந்தால், கைப்பம்புடன் கூடிய அழுத்தமானியை மூடியின் இடத்தில் மாட்டி, மூடியில் குறித்துள்ள அழுத்தம் வரை ஏற்றிப் பார்ப்பது மெக்கானிக்குகளுக்குச் சில நிமிட வேலை.

வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது இன்னொரு கேடு. கூலன்டில் உள்ள துருத்தடுப்பு மருந்துகள் நீர்த்துப்போய், அலுமினியப் பாகங்கள் அரிக்கத் தொடங்கும். கடின நீரானால் ரேடியேட்டரின் நுண்குழாய்களில் உப்பும் படியும். கூலன்ட் வெகுவாகக் குறைந்துவிட்டாலோ, வெப்பமானியின் உணரி நீர்மத்தில் மூழ்காமல் நிற்பதால், என்ஜின் கொதிக்கும் வேளையிலும் முள் இயல்பான இடத்தில் நின்று ஏமாற்றக்கூடும். அதற்குப் பிறகு என்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டின் அடியில் உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போகும், சிலிண்டர் ஹெட்டும் வளையும்.

தொட்டியை மாற்றுவது பல கார்களில் பெரிய வேலையும் இல்லை. என்ஜின் முழுமையாக ஆறிய பின் மூடியை மெல்லத் தளர்த்தி, உள்ளிருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டுக் குழாய்களைக் கழற்ற வேண்டும். பழைய ரப்பர் குழாய் கழுத்தோடு ஒட்டிப் பிடித்திருக்கும். நெம்பாமல் முதலில் திருகி அசைத்து உருவினால் கிழியாது. புதுத் தொட்டிக்குப் பழைய மூடியையே போடுவதைத்தான் பலரும் செய்கிறார்கள். தளர்ந்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, இறுகிப்போன மூடி புதுத் தொட்டியையும் வெடிக்க வைக்கும் என்பதால், மூடியையும் கிளிப்புகளையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. கூலன்டை நிறம் பார்த்து வாங்கக் கூடாது; நிறத்துக்குப் பொதுவான தரநிர்ணயம் ஏதும் இல்லாததால், வாகனக் கையேட்டில் குறித்துள்ள வகையையே பார்க்க வேண்டும்.

நிரப்பியதோடு வேலை முடிவதில்லை. சிக்கிய காற்று வெளியேற, கையேடு சொல்லும் முறைப்படி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்கும் வரை என்ஜினை ஓடவிட வேண்டும். மறுநாள் ஆறிய நிலையில் அளவு தொட்டியில் குறித்துள்ள குறைந்தபட்ச, அதிகபட்சக் கோடுகளுக்கு நடுவே நிற்கிறதா என்று பார்த்தால் போதும். வடித்த கூலன்டைத் தரையில் விடக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு, நாயும் பூனையும் நக்கிவிடும்.

அக்குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவாக இருந்தால், சூடான என்ஜினில் இந்த மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிடும் என்ற எச்சரிக்கையையாவது முதலில் சேர்க்க வேண்டும். கசிவைப் பார்த்துத் தண்ணீர்ப் புட்டியுடன் ஓடும் எவரும் முதலில் தொடுவது அந்த மூடியைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்