ஒரு டவுன்லோடுக்கு எவ்வளவு என்று போடவே இல்லையே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போனில் எடுத்த படங்களை இணையத்தில் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சில வருஷங்களாக இதைப் பகுதிநேரமாகச் செய்துவருகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கட்டுரையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிக்கிற எவரும் முதலில் கேட்கும் கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஒரு படம் விற்றால் கைக்கு எவ்வளவு வரும்?

பெரும்பாலும் சென்ட் கணக்கில்தான் வரும், அதாவது அமெரிக்க டாலரில் நூறில் ஒரு பங்கு. படங்களை விற்றுத்தரும் இணையதளமான ஷட்டர்ஸ்டாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூன் வரை புதிதாகப் படம் கொடுக்கச் சேர்ந்தவருக்கும், சந்தா கட்டி வாங்குகிறவர் செய்யும் ஒரு டவுன்லோடுக்கு 25 சென்ட் கிடைத்துக்கொண்டிருந்தது, அதன் பிறகு குறைந்தபட்சம் 10 சென்ட் என்று ஆக்கிவிட்டார்கள். விற்பனை கூடக் கூட நம் பங்கு 15 சதவீதத்திலிருந்து 40 வரை ஏறும் என்பது உண்மைதான், ஆனால் ஜனவரி 1 வந்தால் எல்லோரும் மறுபடி முதல் படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அடோபி ஸ்டாக் என்ற இன்னொரு தளத்தில் போட்டோவுக்கு விற்ற விலையில் 33 சதவீதம், பரவாயில்லை. அங்கேயும் 25 டாலர் சேர்ந்தால்தான் பணத்தை எடுக்க முடியும், சென்ட் சென்ட்டாக வந்து 25 டாலர் ஆவதற்குள் பாதிப் பேர் பாஸ்வேர்டையே மறந்துவிடுகிறார்கள்.

அதனால் இதில் இறங்கவே கூடாது என்று சொல்லவில்லை. யார் வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். கட்டுரைக்கு மேலே ஒரு சூரிய அஸ்தமனப் படம் போட்டிருந்தீர்கள், அழகாகத்தான் இருந்தது, அதைப் போன்றவை இந்தத் தளங்களில் லட்சக்கணக்கில் தூங்குகின்றன. வாங்குகிறவர் ரசிகர் இல்லை, சாயங்காலத்துக்குள் ஒரு விளம்பரத்தையோ புத்தக அட்டையையோ முடித்துக் கொடுக்க வேண்டிய டிசைனர். மேஜை ஓரத்தில் ஒரு கை பில்லைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது, படத்தின் இடது பாதி சும்மா வெறும் சுவர், இப்படி ஒரு படம்தான் அவருக்கு வேண்டும், ஏனென்றால் அந்தச் சுவரின் மேல் தலைப்பு எழுத்தை வைக்கலாம். இதை யாரும் ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்ட மாட்டார்கள். ஆனால் விற்கும்.

அப்புறம் கீவேர்டு, அதாவது தேடுகிறவர் கண்ணில் படம் படுவதற்காக அதோடு நாம் சேர்க்கும் சொற்கள். இந்தத் தொழிலில் பாதி நேரம் இதிலேதான் போகிறது, கட்டுரையில் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். மேலே சொன்ன படத்துக்கு 'கை, மேஜை, காகிதம்' என்று போட்டால் அது யார் கண்ணிலும் படாது. 'கடன், வீட்டுச் செலவு, வரி, கவலை' என்று தேடுகிறவர் மனசில் இருப்பதைப் போட வேண்டும். முக்கியமானவற்றை முதலில் வைக்க வேண்டும், அடோபி ஸ்டாக்கில் முதல் பத்து கீவேர்டுக்குத்தான் தேடலில் மதிப்பு அதிகம். நிராகரிப்பும் சகஜம். போனின் சின்னத் திரையில் பளிச்சென்று இருக்கிற படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள், நிழல் விழுந்த இடமெல்லாம் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். மூலையில் கிடக்கிற செருப்பில் ஒரு கம்பெனி முத்திரை தெரிந்தாலும் வணிகப் பயன்பாட்டுக்கு எடுக்க மாட்டார்கள்.

ஆட்களைப் படம் எடுப்பது பற்றிக் கட்டுரையில் ஒன்றுமே இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். முகம் அடையாளம் தெரிகிற மாதிரி இருந்தால் அவரிடம் மாடல் ரிலீஸ் என்ற ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்து. இல்லாவிட்டால் செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும் என்றுதான் கொடுக்க முடியும். சொந்தக்காரர்தானே, என்ன கேட்கப்போகிறார் என்று நினைக்காதீர்கள். விற்ற பிறகு அந்த முகம் எந்த மருந்து விளம்பரத்தில் சிரிக்கும் என்பது நம் கையில் இல்லை. கட்டடத்துக்கும் இப்படி அனுமதிச் சிக்கல் உண்டு. ஐஃபல் கோபுரத்தைப் பகலில் எடுத்து விற்கலாம், ராத்திரி எடுத்தால் அதன் விளக்கு அலங்காரத்துக்குக் காப்புரிமை இருக்கிறது.

இன்னொன்றும் வந்துவிட்டது, ஏஐ. 2023-இல் அடோபி வெளியிட்ட, எழுதிக் கேட்டால் படம் உருவாக்கித் தரும் ஃபயர்ஃப்ளை, அடோபி ஸ்டாக்கில் நம்மைப் போன்றவர்கள் கொடுத்த படங்களையும் வைத்துப் பயிற்சி பெற்றதுதான். அதற்காக போனஸும் கொடுத்தார்கள், சரி. ஆனால் கைகுலுக்கும் இரண்டு பேர், லேப்டாப் முன் சிரிக்கும் பெண் என்கிற பொதுவான படத்தை இனி வாங்குகிறவரே ஒரு நிமிஷத்தில் உருவாக்கிக்கொள்வார். நிஜமாக நடந்தது, நிஜமான இடம், நிஜமான வேலை செய்கிற கை, இவற்றுக்குத்தான் இனி கொஞ்சமாவது கிராக்கி இருக்கும் என்பது என் கணிப்பு.

கட்டுரை வந்த பிறகு தெரிந்தவர்கள் சிலர் என்னிடம் கேட்டது, இதற்குப் பயிற்சி வகுப்பில் பணம் கட்டிச் சேரலாமா என்று. நான் சொன்ன இரண்டு தளங்களிலும் படம் கொடுக்கச் சேர்வதற்குக் காசே கிடையாது, விதிமுறைகளையும் அவர்களே விளக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். இதைத் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், சேர்த்துவிடுகிறேன் என்று கட்டணம் கேட்கிறவர்களை நம்ப வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி போடுங்கள். ராயல்டி, அதாவது ஒரு விற்பனையில் நமக்கு வரும் பங்கு, அதன் விவரத்தையும் பக்கத்திலேயே போட்டால் ரொம்ப நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்