பண்பாட்டுக்குத் தனித் தாள் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பாடத்திட்ட வரைவைப் படித்தேன். ஒலிபரப்பு படிக்கும் பிள்ளைகளுக்குப் பண்பாட்டு அறிவு வேண்டும் என்று நீ பிடிவாதமாக நிற்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதற்கென்று ஒரு தாள், அதில் பண்டிகை, மதம், தலைநகரம் என்று ஒரு மதிப்பெண் கேள்விகள்... இது ஒப்பவில்லை. தேர்வோடு சரி, மைக் முன்னால் உட்காரும்போது அதில் ஒன்றும் கைகொடுக்காது.

2013 ஜூலையில் நடந்தது நினைவிருக்கும். தென் கொரியாவின் ஏசியானா 214 விமானம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் தரையிறங்கும்போது நொறுங்கி மூன்று பேர் இறந்தார்கள். சில நாள் கழித்து, கேடிவியூ என்ற அங்குள்ள தொலைக்காட்சி, விமானிகளின் பெயர்கள் என்று நான்கைச் செய்தியில் வாசித்தது. நான்கும் யாரோ கேலிக்கு இட்டுக்கட்டியவை. ஆசியப் பெயர் மாதிரி எழுதிய கொச்சை ஆங்கில வாக்கியங்கள்! இத்தனைக்கும் அவர்கள் சரிபார்க்காமல் இல்லை. விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அங்கே பேசிய பயிற்சி மாணவர் ஆமாம் என்றுவிட்டார். எழுத்துக்கூட்டல்கூடச் சரிபார்த்தாயிற்று. ஆனால் ஒருவரும் அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை, பேசுகிறவர் என்ன பொறுப்பில் இருக்கிறார் என்றும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டபோது நிலையமே இந்த இரண்டையும் சொன்னது. வெளிநாட்டுப் பெயர் என்றால் விநோதமாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு அந்த அறையில் எல்லோர் காதையும் அடைத்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, நிறையத் தெரிந்தவர் என்றால் தப்பித்துவிடுவாரா? தென் கொரியாவில் நடந்த 2018 பியாங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில், ஆசியா பற்றி விளக்குவதற்கென்றே என்பிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி உட்காரவைத்தவர், ஜப்பான்தான் தங்களுக்கு முன்மாதிரி என்று ஒவ்வொரு கொரியரும் சொல்வார் என்றார். 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் அடிபட்ட நாடு அது. எதிர்ப்பு கிளம்பி என்பிசி மன்னிப்புக் கேட்டது. அந்த வரலாறு அவருக்குத் தெரியாதிருக்குமா? 'ஒவ்வொரு' என்பதில்தான் வினையே.

அதனால் அந்தத் தாளின் மணிநேரத்தை ஸ்டுடியோவுக்கு மாற்று. மாணவர் எழுதிய ஸ்கிரிப்டில் 'எல்லோரும்', 'அந்தச் சமூகத்தினர்' என்று வரும் இடத்தைச் சுழித்து, "யார் சொன்னது?" என்று கேள். ஒலி அளவு பார்க்கும்போது, விருந்தினர் தன் பெயரைத் தன் வாயாலேயே சொல்லிப் பதிவாகட்டும். எந்தப் பெயரால் அழைப்பது என்றும் அப்போதே கேட்டுவிட வேண்டும். ஐஸ்லாந்தில் பிரதமரையே முதல் பெயரால்தான் குறிப்பிடுவார்கள். இரண்டாவது பெயர் பெரும்பாலும் அப்பா பெயரிலிருந்து வருவது. ஆஸ்திரேலியாவில் இறந்த பழங்குடியினரின் படமோ குரலோ வரும் நிகழ்ச்சிக்கு முன்னால் எச்சரிக்கை போடுவார்கள். அதை எழுதச் சொல்லிக் கொடுப்பது சுலபம். இறந்தவரின் குடும்பத்தாரிடம் கேட்டோமா என்று எடிட்டிங் மேசையிலேயே ஒரு மாணவர் தானாகக் கேட்கிறாரா, அதைப் பார்.

இதற்கெல்லாம் மதிப்பெண் எப்படிப் போடுவது என்று உன் துறைத்தலைவர் கேட்பார். வரைவைத் திருத்தி அனுப்பு, அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்