அலகுப் பனையைப் பற்றி மகளுக்கு

திசையன்விளை,
மாசி 10

அன்பு மகள் பொன்மணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். ஆச்சிக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. கிணற்றில் ரெண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் கிடக்கிறது.

முந்தாநாள் போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. பனங்கன்றின் ஓலையைக் கிள்ளிப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் சோதனையைக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்றாய். "நல்லாச் செய்யி தாயி" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. சொல்ல நிறைய இருக்கிறது. அதில் ஒன்றை இருபது வருஷமாக உன்னிடம் சொல்லாமலே வைத்திருக்கிறேன்.

வடலியை, அதாவது இளம் பனையைப் பார்த்து ஆண் பெண் சொல்ல இந்தத் தேரிக்காட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆயுசு முழுக்கப் பனை ஏறிய உன் தாத்தாவுக்கே தெரியாது. 12 வருஷமோ 15 வருஷமோ காத்திருந்து, பாளை வெளியே வந்த பிறகுதான் அது அலகுப் பனையா பருவப் பனையா, அதாவது ஆணா பெண்ணா என்று தெரியும். பப்பாளி என்றால் குழிக்கு மூன்று கன்று வைத்து, ஐந்தாறு மாதத்தில் பூவைப் பார்த்து ஆணைப் பிடுங்கிவிடுகிறோம். நம் வேலியில் படர்ந்து கிடக்கிறதே கோவைக்கொடி, அதில் ஆண் கொடியின் செல்லை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஒய் குரோமோசோம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தனியே தெரியும். பனை அப்படி எளிதில் காட்டிக்கொடுக்காது. அதனால் நீ எடுத்திருப்பது பெரிய வேலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன்.

2004-ல் உனக்கு ஆறு வயது. கிணறு வற்றிப்போய் ஆழப்படுத்தப் பணம் தேவைப்பட்டது. செங்கல் சூளைக்கு மரம் பிடிக்கிற ஒருவர் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், காய்க்கிற மரத்தை வெட்டச் சொல்லல. காய்க்காத அலகை மட்டும் தாங்க. நிக்கதும் ஒண்ணுதான், போறதும் ஒண்ணுதான்" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்துகிறவன். இரட்டைக் கருவுறுதலைக் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறவன். அப்படிப்பட்ட நான் சரி என்று தலையாட்டினேன். மேற்கு வரப்பில் நின்ற ஒன்பது அலகுப் பனையையும் ரெண்டே நாளில் சாய்த்துவிட்டார்கள்.

அதுவும் இதே மாசி மாதம்தான். பாளை எல்லாம் வெளியே தள்ளியிருந்த நேரம். உன் தாத்தா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாய்ந்து கிடந்த மரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். விரல் விரலாக நீண்டிருந்த ஆண் பூக்கதிர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தட்டினார். மஞ்சள் பொடி கொட்டியது. கை ரேகைக்குள் எல்லாம் மஞ்சள். அதைத் துடைக்காமல் அப்படியே வீட்டுக்கு வந்தவர், அன்று ராத்திரி இடது கையால் கஞ்சி குடித்தார். அலகுப் பாளையை நசுக்குகிற கடிப்பை கருப்பட்டி காய்ச்சுகிற விடிலிக் குடிசையின் வாரிக் கம்பில் கொண்டுபோய்ச் சொருகினார். 2009-ல் அவர் போகிறவரை அதைத் திரும்ப எடுக்கவே இல்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

2021-ல் அரசு முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், இனி பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று அறிவித்தபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். எனக்கு அது 17 வருஷம் பிந்தி வந்த செய்தி.

அலகு காய்க்காது என்று அந்த ஆள் சொன்னது உண்மைதான். ஆனால் பதநீர் தரும். அதைவிட, பருவப் பனையில் தொங்குகிற ஒவ்வொரு நுங்குக்குள்ளும் ஏதோ ஓர் அலகுப் பனை இருக்கிறது. இது உனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் நுங்கை வைத்து ஒரு தடவை யோசித்துப் பார். நீ ஆராய்ச்சிக்கு வைத்திருக்கும் கடுகு இனத்துச் சின்னச் செடியைவிட நுங்கு எனக்குப் பிடித்த பாடப்புத்தகம்.

பனையின் செல்லில் குரோமோசோம் 36. மகரந்தத்தில் வருவது 18. அந்த மகரந்தக் குழல் சூலுக்குள் ரெண்டு விந்தணுவைக் கொண்டுபோய் விடுகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து 36 ஆகிக் கருவாகிறது. இன்னொன்று நடுவில் இருக்கும் ரெண்டு உட்கருவோடு சேர்ந்து 54 ஆகிறது. நுங்கு என்பது அந்த 54. அம்மாவிடமிருந்து ரெண்டு பங்கு, அப்பாவிடமிருந்து ஒரு பங்கு. முதலில் உட்கரு மட்டும் இரண்டாக, நாலாக, எட்டாகப் பிரிந்துகொண்டே போகும், நடுவில் சுவர் எழும்பாது. இளநுங்கில் விரலை விட்டால் தண்ணீர் பீச்சி அடிக்கிறதே, சுவர் இல்லாத அந்த ஒற்றைப் பெரிய அறைக்குள் எத்தனையோ உட்கரு மிதந்துகொண்டிருக்கும். பிறகு ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுவர் எழும்பி வழுக்கை பிடிக்கும், முற்றிக் கடுக்காய் ஆகும், கடைசியில் வெட்டுக்கத்தி தெறிக்கிற கொட்டை ஆகும். தை மாதம் கிழங்கு பிடுங்கிவிட்டுக் கொட்டையைப் பிளந்தால் உள்ளே பஞ்சுபோல் தவுண் இருக்குமே, நீயும் உன் அண்ணனும் சண்டை போட்டுத் தின்பீர்களே, அது அந்த 54-ஐக் கரைத்துக் குடித்து வளர்ந்த கரு. அதாவது அப்பன் பங்கு இல்லாமல் நுங்கும் இல்லை, கிழங்கும் இல்லை, தவுணும் இல்லை.

ஒரே காயில் மூன்று கண் இருக்கிறது என்றால் மூன்று தனித்தனிக் கருவுறுதல். மூன்றும் கூடப்பிறந்தவைதான், ஆனால் ஒன்று அலகாகவும் ரெண்டு பருவமாகவும் போகலாம். ஒரு கண்ணுக்கு மகரந்தம் வந்து சேராவிட்டால் அது சூம்பிப்போகும். மரத்தை வெட்டிய அடுத்த வருஷம் நம் தோட்டத்தில் ரெண்டு கண் நுங்கு அதிகமாக விழுந்தது. அந்த வருஷம் வெயிலும் கொடுமைதான், பக்கத்துத் தோட்டத்து அலகு காற்றில் மகரந்தம் அனுப்புவதும் உண்டுதான். ஆனாலும் ஒவ்வொரு ரெண்டு கண் நுங்கைச் சீவும்போதும் என் மனசு அந்த ஒன்பது மரத்துக்குத்தான் போகும்.

நீ முன்பு ஒரு தடவை சொன்னாயே, 1998-ல் கண்டுபிடித்த மெடியா என்கிற மரபணு. விதை வளர அம்மாவிடமிருந்து வந்த பிரதி மட்டும்தான் பேசும், அப்பா தந்த பிரதி நல்லதாகவே இருந்தாலும் வாய் திறக்காது, அம்மா பிரதி கெட்டிருந்தால் விதை செத்துவிடும் என்றாய். பெற்ற பிள்ளையைக் கொன்ற ஒரு தாயின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. அதே விதையில் வேறொரு மரபணுவில் அம்மா பிரதி அடங்கியிருக்க, அப்பா பிரதி மட்டும் பேசும் என்றும் சொன்னாய். அதைக் கேட்ட அன்று விடிலியில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பூவின் மொட்டையும் சொல்லிவிடுகிறேன். பருவப் பனையின் பூ ஒன்றைப் பள்ளிக்கூடத்து லென்ஸில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சூலகத்தின் அடியைச் சுற்றி, வளராமல் நின்றுபோன மகரந்தத் தாளின் மிச்சம் இருந்தது. பேரீச்சையில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். எல்லா மொட்டும் முதலில் ரெண்டுக்குமான அடிப்படையோடுதான் தொடங்குகிறது, பிறகு ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் நின்றுவிடுகிறது. பேரீச்சை இனம் முழுவதையும் ஆராய்ந்து 2018-ல் வந்த முடிவு உனக்கு மனப்பாடமாக இருக்கும்: ஆண் மரத்தில் மட்டும் இருக்கும் மரபணுக்களில் ரெண்டு மகரந்தம் உருவாகத் தேவை, இன்னொன்று பெண் பாகத்தை அடக்கி வைப்பதாகக் கருதுகிறார்கள். பனையும் பேரீச்சையும் ஒரே குடும்பம் என்பதால், அந்த மரபணுக்களையே பனையிலும் முதலில் தேடு. அங்கே கிடைக்காவிட்டால் சோர்ந்துவிடாதே. ஆண் பெண் பிரிவு பனைக் குடும்பத்தில் ஒரே தடவைதான் தோன்றியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இனி ஒரு வேண்டுகோள்.

சோதனை கையில் வந்த மறுநாள் நாற்றங்கால்காரர்கள் உன் வாசலில் நிற்பார்கள். பருவக் கன்றை மட்டும் வைத்துக்கொண்டு அலகுக் கன்றைக் கொத்தோடு பிடுங்கி எறிவார்கள். பேரீச்சைத் தோட்டத்தில் 50 பெண்ணுக்கு ஓர் ஆண் போதாதா என்று கேட்பார்கள். அங்கே ஆள் ஏறி ஆண் பூவைக் கையாலேயே பெண் பூவில் கட்டுகிறார்கள். இங்கே யார் கட்டப் போகிறார்கள்? காற்றும் பூச்சியும்தான்.

நீ அம்மா வயிற்றில் இருந்தபோது நடந்ததும் உனக்குத் தெரிய வேண்டும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்ற 1994-ஆம் வருஷத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்த நேரம். அப்படியும் சொந்தத்தில் ஒருவர், "ஸ்கேன் பார்த்துச் சொல்லுத இடம் எனக்குத் தெரியும். ஏற்கனவே ஒரு பையன் இருக்கான், இது பொண்ணா இருந்தா யோசிக்கலாம்லா" என்றார். உன் ஆச்சி அவரை வாசல்படியிலிருந்தே திருப்பி அனுப்பினாள். கண்டுபிடிக்கிற கருவி ஒரு கை, பிடுங்குகிற கை வேறு கை என்று நான் சமாதானம் சொல்ல மாட்டேன். அதனால் நீ சோதனையை வெளியிடும்போது, ஒரு தோப்புக்கு எத்தனை அலகு நிற்க வேண்டும் என்பதையும் அளந்து, அதே கட்டுரையில் எழுத வேண்டும். அதற்கு ரெண்டு வருஷம் கூடுதலாக ஆனாலும் ஆகட்டும். உன் வழிகாட்டி ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்குச் சொல், நான் நேரில் வந்து பேசுகிறேன். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியிலும் பனை ஆராய்ச்சி நடக்கிறது. அங்கேயும் ஒரு தடவை போய்க் கேள்.

கடைசியாக, உனக்கு உதவுகிற விஷயம். நீ பிறந்த 1997 புரட்டாசியில், கிணற்றங்கரையில் நிற்கும் பெரிய பருவப் பனையின் கொட்டை ஐம்பதைக் கிழக்கு வரப்பு நெடுக ஊன்றினேன். 41 முளைத்தது. ஆடு கடித்ததும் தீ பிடித்ததும் போக 37 நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் தகரத்தில் எண் அடித்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். முதல் பாளை எந்த மாதம் வந்தது, அலகா பருவமா என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். 2010-ல் முதலில் பூத்தது 6-ஆம் எண். 2018-ல் கடைசியாகப் பூத்தது 33. மொத்தம் அலகு 19, பருவம் 18. கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. உனக்கு வேண்டியது ஆண் பெண் நிச்சயமாகத் தெரிந்த, ஒரே தாயின் பிள்ளைகள்தானே? அது இங்கே தயாராக நிற்கிறது.

தாய் கிணற்றங்கரை மரம். அப்பன் யார் என்று எந்த நோட்டிலும் இல்லை. ஆனால் 1997-ல் அந்த மரத்துக்குக் காற்று வரும் பக்கம் நின்றது மேற்கு வரப்பின் ஒன்பது அலகுதான். அதனால் பேரீச்சைபோலப் பனையிலும் ஆண் அடையாளம் அப்பன் வழியாகத்தான் வருகிறது என்றால், நான் சூளைக்கு அனுப்பிய மரங்களின் அந்தத் துண்டு இந்த 19 மரத்தின் ஒவ்வொரு ஓலையிலும் இருக்கும். நீ தேடப்போவது அதைத்தான்.

பங்குனி முதல் வாரம் வா. குருத்தோலைதான் வேண்டும் என்றாய், அதற்குப் பனை ஏறத் தெரிந்த ஆளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். குருத்தை நடுவில் வெட்டக் கூடாது, ஓரத்தில் ஒரு விரல் அகலம் போதும் என்றும் சொல்லியிருக்கிறேன். ஓலையை உலர்த்த சிலிக்கா ஜெல் நீயே கொண்டு வந்துவிடு, இங்கே கடையில் கேட்டால் விழிக்கிறார்கள். 14-ஆம் மரத்தில் கதண்டுக் குளவி கூடு வைத்திருக்கிறது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வாரிக் கம்பிலிருந்து கடிப்பை எடுத்து எண்ணெய் போட்டு வைக்கிறேன், இந்த வருஷம் 6-ஆம் மரத்தைச் சீவலாம் என்று இருக்கிறது.

அன்புடன்,
அப்பா